பல்லிப் பக்கம்

அந்த ஆராய்ச்சிக் கட்டிடத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் ‘ஒத்தக்கால்’. அந்தப் பட்டப்பெயர் அக்காவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை இது. என்றோ ஒரு காலத்தில் மரத்தில் வடிந்த பிசினில் பூச்சியோ பல்லியோ மாட்டிக்கொள்ளும். பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகிக் கல்லாகிவிடும். கோடிக்கணக்கான வருஷம் கழித்து உடைத்தாலும் உள்ளே இருப்பது ஒரு மயிர்கூட உதிராமல் அப்படியே இருக்கும். அம்பர் என்பார்கள். அதற்குள் இருக்கும் சிலந்திகளை அளந்து, வரைந்து, விவரம் எழுதி, இதுவரை யாரும் பார்க்காத இனமென்றால் அதற்குப் பெயரும் வைப்பது அக்காவின் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே ஒரு சிலந்திக் கால் மட்டும் இருந்த கல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சின்ன வலையைக் கையில் பிடித்தபடி தொங்கி, கீழே போகிற பூச்சி மேல் அதைப் போர்வை மாதிரி வீசிப் பிடிக்கிற சிலந்திகள் இன்றைக்கும் இருக்கின்றன. அந்தக் குடும்பம் இந்தக் கல் உண்டான காலத்திலேயே இருந்தது, இதோ அதன் கால் என்று அச்சில் போட்டாள். துறையின் பெரிய தலைகள் சிரித்தார்கள். ஒரு காலை வைத்துக் குடும்பத்தையே கட்டுகிறாளே இந்தம்மா என்று கூட்டத்தில் வைத்தே கேலி. அக்கா அசரவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிறகு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளக் கேட்க வேண்டுமா?

இந்த வருஷத்தோடு அவளுக்கு வேலை முடிகிறது. அதற்கப்புறம் அறையும் நுண்ணோக்கியும் வேறு ஆளுக்கு. கல் எதுவும் அவள் மேஜைக்கு வராது. கிளம்புவதற்குள் அந்தக் குடும்பத்தில் ஒரு முழுச் சிலந்தி, ஒரே ஒரு முழுச் சிலந்தி கண்ணில் பட்டுவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் புதுக்கல் வந்து இறங்கும்போதெல்லாம் மற்றவர்கள் கல்லைப் பார்ப்பதைவிட அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கல் வந்தது பல்லிக்காக. பழங்காலப் பல்லிகளைப் பார்ப்பவர் மாப்பிள்ளை. அக்காவின் தங்கை புருஷன். ஒரே கட்டிடத்தில் வேலை பார்த்தவரைப் பிடித்துப்போய், தங்கைக்குப் பேசி முடித்தவளே அக்காதான். கல்யாணமாகிப் பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகும் கட்டிடம் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். கட்டைவிரல் நுனி அளவு கல். உள்ளே ஒரு பல்லியின் பின்னங்கால், பாதமும் விரல்களுமாகத் தெளிவாக இருந்தது. விரலுக்கு அடியில் செதில்கள் மடிந்து மடிந்து இருந்த விதத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். அப்படி ஒரு பாதம் எந்தப் பல்லிக்கும் கிடையாதாம். புது இனம், சந்தேகமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓடிவந்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். பாவம், காட்டாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் பல்லி விரல்களுக்கு நேர் அடியில் ஒரு சிலந்தி இருந்தது. நீளமான கால், முன்னால் நீட்டிய கைகள். அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. மாப்பிள்ளை டீ வாங்கி வந்து வைத்து, அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

காலை வைத்து இந்த முறை அவள் பேசப்போவதில்லை. ஆண் சிலந்திக்கு வாயோரம் இரண்டு குட்டிக் கைகள் உண்டு. வயசுக்கு வந்த ஆணுக்கு அந்தக் கை நுனி குமிழ் மாதிரி வீங்கி, அதில் சுருளும் முள்ளும் இனத்துக்கு ஒரு தினுசாக இருக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி. காலும் கண்ணும் ஏமாற்றும், கை ஏமாற்றாது. வலை வீசுகிற குடும்பமென்றால் குமிழில் ஒரு கம்பி வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். அதை ஒரு தடவை பார்த்துப் படம் எடுத்துவிட்டால் போதும், எந்தப் பெரிய தலையும் வாயைத் திறக்க முடியாது. பக்கவாட்டில், கலங்கலான கல்லுக்குள்ளே, கை நுனி வீங்கியிருப்பது தெரிந்தது. ஆம்பிளைதான், வயசுக்கு வந்த ஆம்பிளை என்று அக்கா அடித்துச் சொன்னாள். ஆனால் சுருள் தெரியவில்லை. சிலந்தியின் முகம் பல்லிப் பக்கம் திரும்பியிருந்தது. நேராகப் பார்க்கவேண்டுமென்றால் பல்லி விரல்களின் வழியாகத்தான் பார்க்கவேண்டும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிலந்தி உள்ளே வெறும் கூடு. படத்தில் கல் எது, சிலந்தி எது என்றே பிரிக்க முடியவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி, அரைப்பது. பல்லிப் பக்கமாக அரைத்துக்கொண்டு போனால் கைகள் நேராகத் தெரியும், விரல்கள் போய்விடும். விரல் போனால் மாப்பிள்ளையின் இனமும் போச்சு. போட்டோ இருக்கலாம், ஆனால் பெயருக்கு ஆதாரமாக வைக்கிற பொருள் முழுசாக இல்லையென்றால் அந்தப் பெயரை யார் மதிப்பார்கள்? மறுபக்கம், சிலந்தியின் முதுகுப் பக்கமாக அரைத்தால் சிலந்தியின் வயிறும் பின்னங்கால்களும் தூளாகும். கை மட்டும்தான் மிஞ்சும். அன்றைக்கு ஒரு காலைக் கொண்டுவந்தாய், இன்றைக்கு இரண்டு கையா என்று கேட்பார்கள். அக்காவுக்கு வேண்டியது முழுச் சிலந்தி.

இயக்குநர் நல்ல மனுஷர், ஆனால் நழுவுகிற மனுஷர். நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம், வீட்டிலேயே பேசி முடித்து எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கள் என்று கைகழுவிவிட்டார்.

தங்கை வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருக்கிறாள். நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி என்று கத்திவிட்டு வருகிறவளுக்கு இந்தப் பஞ்சாயத்து பிடிக்கவில்லை. செத்துக் கோடி வருஷமான ரெண்டு ஜீவனுக்காக உயிரோடு இருக்கிற ரெண்டு பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு புருஷனுக்குத் தெரியாமல் சமையலறையில் அக்காவிடம், ‘அவர் பாவம்க்கா, இந்தக் கல்லை வாங்க வைக்கவே எவ்வளவு அலைஞ்சார்’ என்றாள். அக்காவுக்குத் தெரியாமல் கூடத்தில் புருஷனிடம், அக்காவுக்கு இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது என்றும் கேட்டாள். இரண்டு பேருக்கும் இரண்டும் காதில் விழுந்தது. வீடு அவ்வளவு சின்னது.

மறுநாள் காலை மாப்பிள்ளை கல்லைப் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்தார்.

“கல்லு உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க.”

அக்காவுக்கு வந்ததே கோபம். அவர் சண்டை போட்டிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்படி வந்து பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது? ஒரு வாரம் கல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். அவர் சின்னவர், இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது, இதைவிட நல்ல பல்லி வரும். எனக்கு இதுதான் கடைசி. அதுவுமில்லாமல் அவரே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு என்ன? இப்படி மனசைத் தட்டித் தட்டி ஒரு வழிக்குக் கொண்டுவந்து, பல்லிப் பக்கமாகவே அரைப்பது என்று முடிவு கட்டினாள்.

முடிவு கட்டிய அன்று காலையில் அறைக் கதவைச் சாத்தினாள். கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். கல்லைப் பல்லி கீழே இருக்கும்படி விரல்களுக்குள் பிடித்தாள். தாளில் வைப்பதற்கு முன்னால் வழக்கப்படி ஒரு சொட்டு எண்ணெய் தடவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போதுதான் அது தெரிந்தது. பல்லியின் நடுவிரல் நுனியில் ஆரம்பித்து உள்ளே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. போய் நின்ற இடம் சிலந்தியின் தலை. இந்தப் பக்கம் தாளில் வைத்துத் தேய்த்தால் அந்த அதிர்வுக்கே விரிசல் விட்டுக்கொடுக்கும். தலையும் கையும் சேர்ந்து சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும். அக்கா கொஞ்ச நேரம் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சந்தேகமில்லை, விரிசல்தான்.

கையாவது மிஞ்சட்டும் என்று கல்லைத் திருப்பிப் பிடித்துச் சிலந்தியின் முதுகுப் பக்கமாக அரைக்க ஆரம்பித்தாள்.

இரண்டு தேய்ப்பு, கழுவு, துடை, பார். மறுபடி இரண்டு தேய்ப்பு. பின்னங்கால்கள் ஒவ்வொன்றாகக் குட்டையாகிக் காணாமல் போயின. வயிறு போயிற்று. தான் இத்தனை வருஷம் காத்திருந்த சிலந்தியைத் தானே தூளாக்கித் தண்ணீரில் கழுவி ஊற்றுகிறோம் என்று நினைத்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். வெயில் சன்னலைவிட்டுப் போகும் நேரத்துக்குக் கைகள் இரண்டும் தெளிவாகத் தெரிகிற அளவு நெருங்கிவிட்டாள். நன்றாகப் பளபளப்பாக்கி, துடைத்து, நுண்ணோக்கியில் வைத்தாள்.

கை நுனி வீங்கித்தான் இருந்தது. சுருள் இல்லை. முள் இல்லை. எதுவுமே இல்லை. மழமழவென்று ஒரு குமிழ், குத்துச்சண்டைக்காரர் கையுறை மாதிரி. மற்றக் கையையும் பார்த்தாள். அதுவும் அப்படியே.

வயசுக்கு வராத ஆண். இன்னும் ஒரே ஒரு தடவை தோல் உரித்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்திருக்கும். அதற்குள் பிசின் வந்து மூடிவிட்டது. இந்த நிலையில் எந்தக் குடும்பத்துப் பையனும் ஒரே மாதிரிதான் இருப்பான். இதைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வயசுக்கு வந்தது என்று அடித்துச் சொன்னவள் அக்கா. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே வீக்கத்தை நம்பாதே என்பதுதான். அவ்வளவு ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சத்தம் வெளியே கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அழுதாள்.

கேட்டு முதலில் ஓடிவந்தவர் மாப்பிள்ளை. அவர் கண்ணில் முதலில் பட்டது பல்லி. ஐந்து விரலும் முழுசாக இருந்தது. அப்புறம் சிலந்தியைப் பார்த்தார், பாதிதான் இருந்தது. அக்கா அழுதுகொண்டே பருவம் வராததைச் சொன்னாள். மாப்பிள்ளை அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது அப்போது அக்காவுக்கு உறைக்கவில்லை. அழுகிறவளுக்கு அதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்?

மறுநாள் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தங்கை புருஷனுடைய பல்லிக்காகத் தன் சிலந்தியையே அரைத்துக் கொடுத்துவிட்டாள் அக்கா. ஒத்தக்கால் என்று சொன்ன வாயெல்லாம் அப்படியே மாறிப்போயிற்று. காவலாளி எழுந்து நின்று கும்பிட்டார். இயக்குநர் கூட்டம் போட்டு, விட்டுக்கொடுக்கிற மனம் எல்லோருக்கும் வராது என்று நீளமாகப் பேசினார். தங்கை போனில் ஒரே அழுகை, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்க்கா என்று. அக்கா மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள், தங்கை விட்டால்தானே? அதற்குப்பிறகு சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாகத்தான் இருந்தது, அந்தச் சுலபம்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. யார் என்ன புகழ்ந்தாலும், கல்லைப் பல்லி கீழே இருக்கும்படி பிடித்த விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

மாப்பிள்ளையின் கட்டுரை அச்சுக்குப் போகும் முன்னால் கடைசியாகப் பார்க்க வந்த பக்கங்களை அவர் அக்காவிடம் கொண்டுவந்தார். பார்த்துச் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அளவெல்லாம் சரியாக இருந்தது, படங்கள் அருமை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைத் தியாகம் செய்து இந்த இனத்தைக் காப்பாற்றியவர் என்று அக்காவைப் பற்றி எழுதியிருந்தது.

இவர்கள் தொழிலில் அச்சில் ஏறியதற்கு அழிவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சிலந்தி உரித்துப்போட்ட வெறும் தோலைச் சிலந்தி என்று நினைத்துப் பெயர் வைத்திருந்தாலும், இன்றைக்குப் பெயர் வைக்கிறவர் அதையும் தேடிப் படித்து, ஏன் தவறென்று எழுதிவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கவேண்டும். அக்கா எத்தனை பேருடைய பொய்யையும் அவசரத்தையும் இப்படிக் கிளறிக் கிளறி எடுத்திருக்கிறாள். அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டது.

“இந்த வரியை எடுத்துருங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை, தன்னடக்கம் போதும்க்கா என்றார்.

“தன்னடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உங்க பல்லியைத்தான் அரைக்க உக்காந்தேன். முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்தேன். உங்க பக்கம் ஒரு விரிசல் இருந்துச்சு, தேய்ச்சா சிலந்தி தலை போயிடும். அதான் திருப்பினேன். விரிசல் இல்லாட்டி உங்க பல்லிக்கு இன்னிக்கு விரலே இருந்திருக்காது.”

மாப்பிள்ளையின் சிரிப்பு மெதுவாகப் போயிற்று. கல்லை எடுத்து விளக்கில் சாய்த்துப் பார்த்தார். விரிசல் தெரிந்தது. அவர் முகம் சிறுத்துவிட்டது.

“செய்யுங்கன்னு நான்தானே சொன்னேன்.”

“சொன்னீங்க. செய்யமாட்டேன்னு நம்பித்தானே சொன்னீங்க?”

அவர் கல்லையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தாமல் போனார். அக்கா எழுந்துபோய்ச் சாத்தினாள். பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, இருந்த ஒரு நல்ல பெயரையும் உறவையும் தானே தூக்கிப் போட்டுவிட்ட மாதிரியும் இருந்தது. தங்கையிடம் அவரே சொல்லுவாரா, தான் சொல்லவேண்டுமா என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளை திரும்பி வந்தார். உட்காரவில்லை. திருத்திய கடைசிப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தார்.

“கோவம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. போகல. இதுல பொய் இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். தியாகம் போயிருந்தது. கல்லை அரைத்துத் தயார் செய்தவர் இவர் என்று எழுதி, அவள் பெயரைப் போட்டிருந்தார். பல்லியின் பாதம் முழுமையாக உள்ளது என்று அடுத்த வரி. அதற்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வரியும் இருந்தது. கல்லில் உடனிருக்கும் சிலந்தி பருவமடையாத ஆண், வலை வீசும் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

அந்தக் கடைசிச் சொல்லை அவள் திரும்பப் படித்தாள். பல்லிக்காரர் சிலந்தியைப் பற்றி எழுதவேண்டிய அவசியமே இல்லை. கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கிற நேரத்திலும் உட்கார்ந்து அவளுக்காக யோசித்து அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். அச்சில் வந்தால் அவளுக்கு அது எவ்வளவு பெரிய துணை! ஒத்தக்கால் சொன்னதில் ஏதோ இருக்கிறது போலிருக்கே என்று நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நன்றி என்று சொல்லத்தான் நினைத்தாள்.

பென்சிலை எடுத்து ‘இருக்கலாம்’ வரை அந்தப் பாதி வரியை நிதானமாக அடித்தாள். பக்கத்தில், குடும்பம் தெரியவில்லை என்று எழுதிக் காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

“அக்கா, நீங்களா இதை எழுதுறீங்க?”

“ஆமா. இத வச்சு எனக்குத் தெரியல, மாப்பிள்ளை” என்றாள் அக்கா.

மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.